சின்ன வீட்டு ஹாம் நிலையம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், கூலிம் மாதிரி தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் ஹாம் நிலையம், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோ நிலையம், என்றால் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். 20 அடி அகல வரிசை வீடு, தகரக் கூரை, அறை மூலையில் ஒரு மேசை, நாக்கோ ஜன்னல் இடுக்கில் வெளியே ஆண்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிள். நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறி 9டபிள்யூ2 என்று தொடங்கினாலும் 9எம்2 என்று தொடங்கினாலும் வரும் கோளாறுகள் ஒன்றுதான். அவற்றில் பத்துக்கு எட்டு கனெக்டரிலும் வயரிலும் பவர் அடாப்டரிலும்தான் இருக்கும். ரேடியோவின் மூடியைத் திறப்பது கடைசி வேலை.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், எஸ்டபிள்யூஆர் மீட்டர் (அனுப்பும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1க்கு நெருங்கினால் நல்லது), 100 வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை), நல்லது என்று உறுதியாகத் தெரிந்த 1 மீட்டர் ஜம்பர் கேபிள், 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, பேட்டரியில் ஓடும் பழைய ஏஎம் ரேடியோ ஒன்று. டம்மி லோடு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அது இல்லையென்றால் எல்லாமே ஊகம்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். ஆண்டெனா கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்சார நிறுவனமான டிஎன்பி-யின் கம்பியைத் தொடாத தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பத்தில் கை வைக்காதீர்கள். தூரத்தில் இடி கேட்டாலே கூரை வேலையை நிறுத்திவிடுங்கள். நம் ஊரில் மத்தியானம் வெயில், நாலு மணிக்கு இடி. ஆகவே கூரையில் செய்ய வேண்டியதைக் காலையிலேயே முடியுங்கள்.

## அறிகுறி 1: பேண்ட் முழுக்க இரைச்சல், எஸ் மீட்டர் 7க்குக் கீழே இறங்குவதில்லை

பேண்ட் என்பது ஓர் அலைவரிசைத் தொகுதி; எஸ் மீட்டர் ரேடியோவில் சிக்னலின் பலத்தைக் காட்டுவது. வரிசை வீட்டில் இதுதான் முதல் தலைவலி. பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் ஆண்டெனாவிலிருந்து மூன்று மீட்டரில் இருக்கும்போது, அவர் வீட்டு அடாப்டர் எல்லாம் உங்கள் ரேடியோவுக்குள் இருக்கிற மாதிரிதான்.

முதலில் ஆண்டெனா கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது பவர் சப்ளை வழியாக வருகிறது, அல்லது ரேடியோவிலேயே இருக்கிறது. பேட்டரியை மாட்டிக் கேளுங்கள். 7 ஆம்பியர்-மணி பேட்டரி முழுப் பவர் டிரான்ஸ்மிட்டுக்குத் தாங்காது, கேட்பதற்குப் போதும். பேட்டரியில் அமைதியானால் பவர் சப்ளைதான் குற்றவாளி.

கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கினால் அது ஆண்டெனா வழியாக வருகிறது. கேபிளைத் திரும்ப மாட்டி, ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது.

### மெயினை அணைத்ததும் அடங்கிவிட்டது

உங்கள் வீட்டுச் சாமான்தான். மெயினைப் போட்டு, சின்ன எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து எந்த வரிசை என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்த வரிசையில் உள்ள ப்ளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இன்டர்நெட் மோடம், டிவி டிகோடர், மீன் தொட்டி விளக்கு, கைப்பேசி சார்ஜர், சாமி மேடை எல்இடி விளக்கு என்ற வரிசையில் தேடுங்கள். சாமி மேடை விளக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை. 24 மணி நேரமும் எரிவதால் அதன் இரைச்சல் இயற்கை என்றே நினைத்துவிடுகிறோம்.

சுவிட்ச்மோட் அடாப்டரின் இரைச்சலை அடையாளம் காண்பது எளிது. டயலைத் திருப்பினால் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை ஒரு மேடு வரும். அந்த மேடு கரகரப்பாக, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரை இருந்தால் சம இடைவெளியில் தடித்த கோடுகளாகத் தெரியும்.

தீர்வு, செலவு குறைந்ததிலிருந்து:

- அடாப்டரை வேறு பிராண்டுக்கு மாற்றுவது. பல நேரம் இதிலேயே முடிந்துவிடும்.
- அடாப்டரின் டிசி வயரை, வயர் நீளமும் வளையத்தின் துளையும் இடம் கொடுக்கிற அளவுக்கு, 8 முதல் 10 சுற்று ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் சுற்றுவது. எச்எஃப்-க்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) 31 வகை ஃபெரைட் வேண்டும். வயரில் ஒரே ஒரு கிளிப் ஃபெரைட்டை மாட்டிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் அதிகம். சுற்றின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒரு சுற்று எச்எஃப்-இல் எதையும் தடுக்காது.
- ஆண்டெனாவை வீட்டு வயரிங்கிலிருந்து தள்ளி, பின்பக்க வேலி ஓரமாகக் கொண்டுபோவது. இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கும்.

### மெயினை அணைத்தும் அடங்கவில்லை

வெளியிலிருந்து வருகிறது. எப்போது வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நேரமே பாதி விடை சொல்லிவிடும்.

வெயில் ஏறியதும் தொடங்கி, மாலை ஆறரை ஏழுக்கு நின்று, மேகம் மூடும்போது குறைந்தால்: அக்கம்பக்கத்துச் சோலார் இன்வெர்ட்டர். இருட்டியதும் தொடங்கி விடிந்ததும் நின்றால்: தெருவிளக்கு அல்லது போர்ச் விளக்கு. மாலை ஏழிலிருந்து பதினொன்று வரை மட்டும் என்றால்: யார் வீட்டு டிவியோ.

நேரம் காலம் இல்லாமல் "ர்ர்ர்" என்று 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்டு, நல்ல மழை பெய்ததும் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால், மின் கம்பத்தில் எங்கேயோ தளர்ந்த இணைப்பிலோ அழுக்கேறிய இன்சுலேட்டரிலோ பொறி பறக்கிறது. ஏஎம் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துத் தெருவில் நடங்கள். இரைச்சல் ஏறும் பகுதி தெரியும். ஆனால் மீடியம் வேவ் இரைச்சல் கம்பி வழியாக நெடுந்தூரம் ஓடும். அதை வைத்து "இந்தக் கம்பம்தான்" என்று சொல்ல முடியாது. விமான அலைவரிசையை ஏஎம்-இல் கேட்கும் கையடக்க ரேடியோ இருந்தால், பகுதியைக் கண்டபின் 120 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேளுங்கள். அலைவரிசை ஏற ஏற இரைச்சலின் எல்லை சுருங்கி, கடைசியில் ஒரே கம்பத்தின் அடியில் வந்து நிற்கும்.

நிபுணரைக் கூப்பிடும் இடம் இதுதான். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு டிஎன்பி-யின் 15454-க்குச் சொல்லுங்கள். "ரேடியோவில் சத்தம்" என்றால் பலருக்குப் புரியாது. "இந்த எண் கம்பத்தில் இணைப்பு தளர்ந்து பொறி அடிக்கிற மாதிரி தெரிகிறது" என்று சொன்னால் ஆள் வர வாய்ப்பு அதிகம். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே வயரை ஆட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

இரவில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்கே இல்லாமல் "சட்… சடசட" என்று வெடிப்பது தூரத்து இடி. அதற்குத் தீர்வு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

## அறிகுறி 2: நேற்று வரை நன்றாக இருந்த எஸ்டபிள்யூஆர் இன்று ஏறிவிட்டது

5 முதல் 10 வாட்டில் மட்டும் சோதியுங்கள். ஆண்டெனா டியூனர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது கோளாறை மறைத்துவிடும். பேண்டும் ஆண்டெனா சாக்கெட்டும் சரியா என்று ஒரு முறை பாருங்கள். இரண்டு ஆண்டெனா சாக்கெட் உள்ள ரேடியோவில் இது மாறிப்போவது சகஜம்.

கோஆக்ஸ் முனையிலுள்ள பிஎல்-259 கனெக்டர்களைக் கையால் இறுக்குங்கள். பிறகு இந்த வரிசை:

1. ரேடியோவுக்குப் பக்கத்திலேயே, ஜம்பர் வழியாக டம்மி லோடை மாட்டுங்கள். 1.1க்கு மேல் காட்டினால் ஜம்பரோ மீட்டரோ ரேடியோவின் சாக்கெட்டோ கெட்டிருக்கிறது. கூரைக்கு ஏற வேண்டியதே இல்லை.
2. இது சரியென்றால் டம்மி லோடை நீண்ட கேபிளின் மறு முனையில், ஆண்டெனா மாட்டும் இடத்தில் மாட்டுங்கள். 1.2க்கு மேல் போனால் கேபிள்தான்.
3. இதுவும் சரியென்றால் ஆண்டெனா.

### கேபிள் என்று தெரிந்தால்

இரு முனையையும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். நடு ஊசிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துவிட்டால் மறு முனையில் ஒரு ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும். சில நூறு கிலோ ஓம் என்று ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர்.

நம் ஊரில் கேபிளைக் கொல்வது தண்ணீர்தான். மேல் கனெக்டரில் நுழையும் நீர் செப்புப் பின்னல் வழியாக உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கும். ரேடியோ முனையில் கனெக்டரைக் கழற்றும்போது ஒரு சொட்டு வந்து விழுவதும் உண்டு. மேல் முனையிலிருந்து அரை மீட்டர் வெட்டி, உறையைக் கத்தியால் பிளந்து பின்னலைப் பாருங்கள். பளபளப்பான செம்பு நிறம் என்றால் அங்கேயே புதுக் கனெக்டர் போடலாம். காப்பித்தூள் நிறத்தில் கறுத்திருந்தால் இன்னும் அரை மீட்டர் வெட்டுங்கள். அங்கேயும் கறுப்பென்றால் முழுக் கேபிளையும் தூக்கிப் போடுங்கள். காய வைத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனை வேண்டாம்.

புதிதாகக் கட்டும்போது கனெக்டரின் மேல் முதலில் சாதாரண வினைல் டேப் ஒரு சுற்று, அதன் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைப் பாதி அகலத்துக்கு இழுத்துச் சுற்றியது, அதற்கு மேல் வெயிலுக்காக மறுபடி வினைல் டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலே போக வேண்டும். அப்போதுதான் ஓடு வேய்ந்த மாதிரி நீர் வழிந்து போகும். சுடும் பசையும் சிலிகானும் மட்டும் போட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஏணி எடுக்க வேண்டியிருக்கும். ஜன்னலுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு கை அளவு கீழே தொங்கவிட்டு வளையுங்கள். இல்லாவிட்டால் நீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே மேசைக்கு வந்துவிடும்.

நாக்கோ ஜன்னலின் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கேபிளை வைத்து மூடி மூடி அது நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸ் நசுங்கிய இடத்தில் தடவினாலே பள்ளம் கைக்குத் தெரியும்.

### ஆண்டெனா என்று தெரிந்தால்

கோஆக்ஸும் ஆண்டெனா வயரும் சேரும் பாலன் பெட்டியைத் திறங்கள். முதலில் வெளியே வருவது எறும்பாகத்தான் இருக்கும். மூட்டை மூட்டையாக, முட்டையோடு குடியிருக்கும். அவற்றின் ஈரமும் மண்ணும் சேர்ந்து முனைகளைப் பச்சை பூக்க வைத்திருக்கும். சுத்தம் செய்து, முனைகளைத் தேய்த்து, பெட்டியின் அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் வடிதுளை விடுங்கள். துளையில் துரு ஏறாத சின்ன வலை ஒட்டினால் நீர் வடியும், எறும்பு வராது.

மல்டிமீட்டரை ஆண்டெனா சாக்கெட்டில் வைத்து "ஷார்ட்" காட்டுகிறதே என்று பதற வேண்டாம். 49:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்ட எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைக்கும் வயர் ஆண்டெனா), ஜே-போல், ஸ்லிம் ஜிம் ஆண்டெனாக்கள் எல்லாம் டிசி-க்கு ஷார்ட்டாகத்தான் இருக்கும்.

காற்றடிக்கும்போது மட்டும் மீட்டர் ஊசி துள்ளினால், வயர் தகரக் கூரையையோ தண்ணீர்த் தொட்டியையோ உரசுகிறது, அல்லது செம்பனை மட்டை ஒன்று வயர் மேல் சாய்ந்திருக்கிறது. மரத்தில் கட்டும் முனைக்குக் கயிறு நேராக இழுத்துக் கட்டாமல், கப்பி போட்டு எடை தொங்கவிட்டால் மரம் ஆடும்போது வயர் அறாது.

புதிதாகக் கட்டிய டைபோல் (நடுவில் இணைக்கும் இரு கை வயர் ஆண்டெனா) சரியான அலைவரிசையில் நிற்கவில்லை என்றால், நீளக் கணக்கு: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில். 7.1க்கு 20.14 மீட்டர், 14.15க்கு 10.1 மீட்டர். 65 அடி நீள மனையில் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் நேராக அடங்காது. நடுவை உயர்த்தித் தலைகீழ் வி-யாகக் கட்டி, முனைகளைக் கீழே மடக்கித் தொங்கவிட வேண்டும். எஸ்டபிள்யூஆர் மிகக் குறைவாக இருக்கும் இடம் நீங்கள் விரும்பும் அலைவரிசைக்குக் கீழே இருந்தால் வயர் அதிக நீளம். 40 மீட்டர் பேண்டில் இரு பக்கமும் 1 சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் ஏறும். வெட்டாதீர்கள், பின்னோக்கி மடித்து முறுக்குங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. முனைகளில் மின்னழுத்தம் அதிகம். துணிக் கொடிக்கும் பிள்ளைகளின் கைக்கும் எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

தகரக் கூரைக்கு ஒரு முழத்தில் படுக்கையாகக் கட்டிய எச்எஃப் வயர் எப்படிச் சரிசெய்தாலும் மனத்துக்கு நிறைவாக வராது. உயர்த்துவது ஒன்றே வழி. 2 மீட்டர் பேண்டுக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அதே தகரம் நண்பன்: 49 சென்டிமீட்டர் கால் அலைக் கம்பியின் அடித்தாங்கியைக் கூரையில் உலோகத்தோடு உலோகமாகப் பொருத்தினால் கூரையே தரைத்தளமாக வேலை செய்யும்.

## அறிகுறி 3: எஸ்டபிள்யூஆர் அருமை, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

ஏமாற்றும் அறிகுறி இது. கேபிளில் இழப்பு அதிகமானால் ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியும் வழியிலேயே கரைந்துவிடும். கீழே உள்ள மீட்டர் நல்லபடியாகக் காட்டும். 145 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 3 டெசிபெல் தின்கிறது. அந்தக் கேபிளின் மேல் முனையில் ஆண்டெனாவே இல்லாவிட்டாலும் கீழே 3:1 சுற்றித்தான் காட்டும். கேபிள் நனைந்து இழப்பு கூடியிருந்தால் 2:1-க்கும் கீழே வரும்.

சோதனை: மீட்டரையும் டம்மி லோடையும் மேல் முனைக்குக் கொண்டுபோய்ப் பவரை அளங்கள். கீழே 50 வாட் விட்டால் மேலே 25 வாட் வந்தால் ஆர்ஜி-58க்கு அது இயல்பு. 10 வாட் என்றால் கேபிளை மாற்றுங்கள். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட விஎச்எஃப், யுஎச்எஃப்-க்குத் தடித்த ஆர்ஜி-213 அல்லது அதைவிட நல்லதைப் போடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸில் அதே 15 மீட்டர் ஆர்ஜி-58 அரை டெசிபெல் சுற்றித்தான் இழக்கும். எச்எஃப் மட்டும் வைத்திருப்பவர் தடித்த கேபிளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

கேபிள் நன்றாக இருந்தும் பவர் குறைவென்றால் சூட்டைப் பாருங்கள். தகரத்தின் கீழே மத்தியானம் மூன்று மணிக்கு எஃப்டி8 (கணினி வழி அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓட்டினால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு 15 விநாடிச் சுற்றிலும் 12.64 விநாடி முழுப் பவரில் ஓடுகிறது. 100 வாட் ரேடியோவை 30, 40 வாட்டுக்கு இறக்குங்கள், பின்னால் கையகலம் காற்று போக இடம் விடுங்கள். 40 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு இறங்கினால் எதிர்முனையில் ஒரே ஒரு எஸ் அளவுதான் குறையும்.

எஃப்டி8-இல் நீங்கள் கேட்கிறீர்கள், உங்களை யாரும் டிகோட் செய்யவில்லை என்றால் கணினி நேரத்தைப் பாருங்கள். ஒரு விநாடிக்கு மேல் விலகினால் சிக்கல். அடுத்து ஏஎல்சி (ஒலி மிகுந்தால் பவரை அடக்குவது): ஊசி எழுந்து நிற்காத அளவுக்கு ஒலியைக் குறையுங்கள்.

## அறிகுறி 4: பிடிடி (பேசும்போது அழுத்தும் பொத்தான்) அழுத்தியதும் ரேடியோ அணைகிறது அல்லது திரை மங்குகிறது

வோல்ட்டேஜ் இறங்குகிறது. பவர் சப்ளையில் அல்ல, ரேடியோவின் டிசி கனெக்டரில், டம்மி லோடில் முழுப் பவரில் எஃப்எம் அனுப்பியபடி அளங்கள். பெரும்பாலான ரேடியோக்களுக்கு 13.8 வோல்ட்டில் 15 விழுக்காடு முன்பின், அதாவது குறைந்தது 11.7 வேண்டும், ஆனால் 13க்குக் கீழே போனாலே குரல் கரகரக்கத் தொடங்கலாம்.

சப்ளை முனையில் 13.8, ரேடியோ முனையில் 12 என்றால் நடுவில் உள்ளதுதான் தின்கிறது. முதலில் ஃபியூஸ் ஹோல்டர்: டிரான்ஸ்மிட் முடிந்ததும் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அதுதான். ஈரக் காற்றில் அதன் தகடு கறுத்துவிடும். அடுத்து கிரிம்ப் முனைகள். பிறகு வயரின் தடிமன். 100 வாட் ரேடியோ 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 3 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் போக வர ஏறக்குறைய 1.45 வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.4க்கும் குறைவு. வீட்டு வயரிங்குக்கு மிச்சமான வயரை எடுத்துப் போடுவதால் வருகிற வினை இது.

சப்ளை முனையிலேயே இறங்கினால் அதன் திறன் போதவில்லை. "30 ஆம்பியர்" என்று பெட்டியில் எழுதியிருப்பது பல நேரம் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது எவ்வளவு என்று அதன் தகட்டில் பாருங்கள். டம்மி லோடில் நன்றாக ஓடி, ஆண்டெனா மாட்டினால் மட்டும் அணைந்தால் இது வோல்ட்டேஜ் சிக்கலே இல்லை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள். பவர் சப்ளையின் மூடியைத் திறந்து பார்ப்பது பழுதுபார்ப்பவர் வேலை. ப்ளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

## அறிகுறி 5: மைக் உதட்டில் சுருக்கென்கிறது, குரல் உடைகிறது, கணினி யுஎஸ்பி துண்டிக்கிறது

கோஆக்ஸின் வெளிப்பக்கத்தில் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை மின்சாரம்) ஓடி வீட்டுக்குள் வருகிறது. பவரைப் பாதியாக்குங்கள்; அறிகுறி மறைந்தால் உறுதி.

சின்ன மனையில் எல்லாரும் எண்ட்-ஃபெட் வயர் போடுவதால்தான் இது இவ்வளவு அதிகம். அந்த ஆண்டெனாவுக்குத் திரும்பு பாதை ஒன்று வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் அது உங்கள் கேபிளையும் மைக்கையும் எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரின் தரை முனையில் அலைநீளத்தில் 0.05 பங்கு, அதாவது 40 மீட்டர் பேண்டுக்கு 2 மீட்டர் வயர் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பிறகு கோஆக்ஸை எஃப்டி240-31 வளையத்தில் 10 முதல் 12 சுற்று சுற்றிச் சோக்காக, அதாவது வெளிப்பக்க ஆர்எஃப்-க்குத் தடுப்பாக, போடுங்கள். வளையம் வாங்கும்போது 31 வகையா 43 வகையா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் பார்க்க ஒரே கறுப்புதான்.

இன்னும் மிச்சம் இருந்தால் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இன்னொரு சோக். யுஎஸ்பி கேபிளை ஒரு மீட்டருக்குள் சுருக்கி அதையும் வளையத்தில் சுற்றுங்கள். எண்ட்-ஃபெட்டின் டிரான்ஸ்ஃபார்மர் மேசைக்கு அருகில் ஜன்னலிலேயே மாட்டியிருந்தால் எந்தச் சோக்கும் காப்பாற்றாது. அதை வெளியே, போர்ச்சின் மறு முனைக்குக் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 6: பக்கத்து வீட்டு டிவி, ஆட்டோகேட், கோயில் ஒலிபெருக்கியில் உங்கள் குரல்

முதலில் உங்கள் வீட்டு டிவியில் அதே சிக்கல் வருகிறதா பாருங்கள். உங்கள் வீட்டில் சுத்தமாக இருப்பதே அண்டை வீட்டாரிடம் பேசும்போது உங்களுக்குப் பலம்.

ஆட்டோகேட் (தானியங்கி வாசல் கதவு) ரிமோட்டுகள் பல 433.92 மெகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன; அது 70 சென்டிமீட்டர் பேண்டின் நடுவில். 433ஐச் சுற்றி நீங்கள் பேசும் நேரத்தில் அவர் ரிமோட் வேலை செய்யாமல் போகலாம். அலைவரிசையை 439 பக்கம் மாற்றுங்கள் அல்லது பவரைக் குறையுங்கள். டிஜிட்டல் டிவி உடைந்தால், 145இன் நான்காவது மடங்கு 580 மெகாஹெர்ட்ஸ் யுஎச்எஃப் டிவி பேண்டில் விழுகிறது; ரேடியோவுக்குப் பின்னால் உயர் அலைவரிசையை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் போடுங்கள். அதற்குப் பிறகும் வந்தால், அவர் ஆண்டெனாவின் பூஸ்டர் திணறுகிறது. பூஸ்டரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோயில் திருவிழாவில் மைக் வயரும் ஸ்பீக்கர் வயரும் நூறு அடிக்கு மேல் ஓடும். அவை நல்ல ஆண்டெனாக்கள். அந்த நாட்களில் பேசாமல் இருந்துவிடுவதே அறிவு. நிரந்தரச் சிக்கல் என்றால் ஸ்பீக்கர் வயரின் ஆம்ப்ளிஃபயர் முனையில் ஃபெரைட்.

ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல், டம்மி லோடில் பேசும்போது கூட வந்தால், கோளாறு பவர் சப்ளை வழியாகவோ ரேடியோவின் உறை வழியாகவோ. ஆண்டெனாவில் பேசும்போது மட்டும் வந்தால், கூரையின் துருப்பிடித்த தகர மடிப்புகளும் புதிய அலைவரிசைகளை உண்டாக்கும். ஆண்டெனாவை நகர்த்தினால் குறையும். அண்டை வீட்டார் தொடர்புத் துறை ஆணையமான எம்சிஎம்சி-க்குப் புகார் கொடுக்கும் நிலை வந்தால், உரிமத்தையும் எந்த நேரம் எந்த அலைவரிசையில் பேசினீர்கள் என்ற குறிப்பையும் தயாராக வையுங்கள்.

## அறிகுறி 7: ரிப்பீட்டர் கேட்கிறது, ஆனால் திறக்கவில்லை

ரிப்பீட்டர் என்பது உங்கள் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம். 2 மீட்டரில் ஷிஃப்ட் (கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள இடைவெளி) மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா, ரிப்பீட்டரைத் திறக்கும் சிடிசிஎஸ்எஸ் டோன் அனுப்பும் பக்கத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டோனைக் கேட்கும் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டுத் திணறுவோர் நிறைய. இரண்டும் சரியென்றால் மலை. சுங்கை சிப்புட் மாதிரி இரு புறமும் மலைத்தொடர் உள்ள ஊரில் ஆண்டெனாவை அரை மீட்டர் நகர்த்தினாலே சிக்னல் தலைகீழாக மாறும். கட்டும் முன் கூரையில் நாலு இடத்தில் வைத்துக் கேளுங்கள்.

மலிவான கையடக்க ரேடியோவைக் கூரை ஆண்டெனாவில் மாட்டியதும் எதுவும் கேட்காமல் போனால் அது பழுதில்லை. பலமான சிக்னல்கள் அதன் காதை அடைத்துவிடுகின்றன. 2 மீட்டர் பேண்ட்-பாஸ் ஃபில்டர் உதவும். அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்து மொபைல் ரேடியோ வாங்குவது இன்னும் உருப்படி.

## அறிகுறி 8: ஆர்சிசிபி (கசிவு மின்சாரத்தில் தானாக விழும் சுவிட்ச்) விழுகிறது

பவர் சப்ளையை ஆன் செய்ததும் விழுகிறதா, பிடிடி அழுத்தியதும் விழுகிறதா? பிடிடி என்றால் ஆர்எஃப்: அறிகுறி 5. ஆன் செய்ததும் என்றால் கசிவு. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15ஐத் தாண்டினாலே விழலாம். சுவிட்ச்மோட் சாமான் ஒவ்வொன்றும் தன் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் எர்த்துக்கு விடும். வீட்டிலுள்ள எல்லாம் கூடி எல்லையில் நிற்கும்போது உங்கள் சப்ளை கடைசிச் சுமையாகிவிடும். மற்ற ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு இதை மட்டும் போட்டுப் பாருங்கள். தனியாகப் போட்டும் விழுந்தால் சப்ளை பழுது.

ப்ளக்கின் எர்த் வயரை வெட்டிவிட்டால் விழாது என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். விழாது, ஆனால் ரேடியோவின் உலோக உறையே ஷாக் அடிக்கும். ஆண்டெனாவுக்குத் தனி எர்த் கம்பி அடித்திருந்தால் அதை வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும்; இது உரிமம் பெற்ற வயர்மேன் வேலை. ஆர்சிசிபி-யைப் பெரிய அளவுக்கு மாற்றித் தருகிறேன் என்பவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 9: இடிக்குப் பிறகு ரேடியோ செவிடு

ஆன் ஆகிறது, டிரான்ஸ்மிட் பவர் வருகிறது, கேட்பது மட்டும் மிகக் குறைவு. பயப்படும் முன் அட்டெனுவேட்டர், ஆர்எஃப் கெயின், ஸ்குவெல்ச், ஆண்டெனா சாக்கெட் தேர்வு ஆகியவற்றைப் பாருங்கள். துடைக்கும்போது கை பட்டு மாறியிருக்கும். அடுத்து அறிகுறி 2இன் மூன்று படிகள். இடி பல நேரம் பாலனோடு நின்றுவிடும். பாலன் பெட்டியில் கருகல் வாசனை வந்தால் கொஞ்சம் நிம்மதி, அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆண்டெனாவைக் கழற்றியபோதும் மாட்டியபோதும் எஸ் மீட்டர் ஒரே மாதிரி என்றால் முன்பக்கத்து டையோடோ ரிலேயோ போயிருக்கிறது. சிக்னல் ஜெனரேட்டர் வைத்திருக்கும் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். "கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்தெந்த பேண்டில், எத்தனை வோல்ட்டில், டம்மி லோடில் எத்தனை வாட் என்று தாளில் எழுதிக் கொடுத்தால் அவர் தேடும் நேரமும் உங்கள் பில்லும் குறையும். பவரும் வரவில்லை, கேட்கவும் இல்லை என்றால், ஒப்புக்கொள்ளும் முன் பழுதுச் செலவைக் கேளுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர்களோடு மெயின் போர்டும் போயிருந்தால் பழைய ரேடியோ ஒன்று வாங்குவது மலிவாக முடியும்.

அடுத்த முறைக்கு: பேசி முடித்ததும் கோஆக்ஸைக் கழற்றி அதன் முனையை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். பவர் சப்ளையின் ப்ளக், கணினிக்குப் போகும் இன்டர்நெட் வயர் இரண்டையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஆண்டெனாவை மட்டும் கழற்றிவிட்டு, இன்டர்நெட் வயர் வழியாக வந்த இடியில் கணினியையும் அதோடு யுஎஸ்பி-யில் இணைந்த ரேடியோவையும் இழக்கக் கூடும். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் எதையும் தொடாதீர்கள்; அப்போது கழற்றப் போவதைவிட ரேடியோ போவதே மேல்.